சென்னீர்குப்பத்தில் பிரேக் போட்டது யார்?

1. வண்டியே போட்டுச்சு

"நான் பிரேக் மேல காலே வைக்கல சார். வண்டியே போட்டுச்சு."

இருபத்தேழு வருடமாக மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். விபத்தான வண்டியைப் பார்த்து, எது உடைந்தது, எப்படி உடைந்தது, எதை மாற்ற வேண்டும், எதைத் தட்டி நிமிர்த்தலாம் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. இத்தனை வருடத்தில் எல்லா வகைப் பொய்யையும் கேட்டிருக்கிறேன். லைசென்ஸ் எடுக்காத பையன் இடித்துவிட்டு வந்திருப்பான், அப்பா தான் ஓட்டியதாகச் சொல்வார். சீட்டைப் பார்த்தால் அப்பாவின் கால் பெடலுக்கு எட்டாத தூரத்தில் பின்னால் தள்ளியிருக்கும். நாய் குறுக்கே வந்தது என்பார்கள், பம்பரில் காம்பவுண்டு சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். ஆனால் வண்டி தானாகவே பிரேக் போட்டது என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சொன்னவர் பெயர் தேவராஜ். கள்ளிக்குப்பத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். சொந்தமாக வண்டி கிடையாது. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு ஆப்பில் கூப்பிட்டால் போய் ஒரு நாளோ அரை நாளோ ஓட்டிக் கொடுக்கும் ஆக்டிங் டிரைவர். அன்று காலை அவரை அழைத்தவர் நிர்மலா என்ற பெண். அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார், ஐ.டி. வேலை, ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அவரும் அப்பாவும் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

பெங்களூர் ஹைவேயில் சென்னீர்குப்பம் தாண்டும்போது, ஒரு வளைவில், முன்னால் ஒன்றுமே இல்லாத ரோட்டில், கார் குலுங்கி நின்றது. பின்னால் வாட்டர் கேன் ஏற்றிக்கொண்டு வந்த லோடு ஆட்டோ அதன் முதுகில் மோதியது.

கம்பெனி சொல்லி நான் போய்ச் சேர்ந்தபோது கேன்களை ரோட்டோரமாக அடுக்கிவிட்டிருந்தார்கள். காரின் டிக்கி உள்ளே போயிருந்தது. நிர்மலாவின் அப்பா கழுத்தைப் பிடித்தபடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லோடு ஆட்டோ ஓட்டிய பாஸ்கர் என்பவரை, தோள் எலும்பு முறிந்து, ஆம்புலன்சில் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

"தூங்கிட்டாரு சார்," என்றார் நிர்மலா, தேவராஜ் காதில் விழும்படியே. "தூக்கம் கலைஞ்சு பதறிப்போய் பிரேக்க மிதிச்சிருக்காரு. வேற என்ன? முன்னால ஒரு வண்டி கிடையாது, ஆள் கிடையாது."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் போன்ல மெயில் பாத்துட்டிருந்தேன். அப்பா கண்ண மூடியிருந்தாங்க. ஆனா வேற என்ன காரணம் இருக்க முடியும், சொல்லுங்க."

எனக்கும் வேறு காரணம் தெரியவில்லை. தேவராஜைத் தனியாக அழைத்துக் கேட்டேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். நான் சிரித்திருக்க வேண்டும். அவர் முகம் மாறியது.

"சிரிக்காதீங்க சார். என் காலு ஆக்சிலேட்டர் மேல கீது. டிக் டிக்னு ஒரு சத்தம், எதுத்தாப்ல செவப்பா ஒரு லைட்டு. அப்போ இந்தாண்ட பிரேக் பெடலு தானா கீழ எறங்குது. யாரோ அமுக்குற மாதிரி. நான் குனிஞ்சு பாத்தேன் சார். அதுக்குள்ள பின்னால வந்து இட்ச்சிட்டான்."

"சரி, நான் எழுதிக்கிறேன்," என்றேன். நோட்டில் எழுதியது வேறு: டிரைவரின் சடன் பிரேக்கிங்.

2. ஒரு பெடல்

இளம் சர்வேயர்களுக்கு இது தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சொந்த வண்டியின் சேதத்துக்கான க்ளெய்மில், டிரைவர் கவனமில்லாமல் ஓட்டியிருந்தாலும் பெரும்பாலும் பணம் கிடைத்துவிடும். அதனால் ரிப்போர்ட்டில் 'விபத்துக்கான காரணம்' என்ற இடத்தை நாங்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டு, பார்ட்ஸ் லிஸ்டுக்குப் போய்விடுவோம். அந்த இரண்டு வரியை நம்பி யாருடைய பிழைப்பாவது இருக்கும் என்று நாங்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

மறுநாள் தேவராஜ் போன் செய்தார்.

"சார், ஆப்ல என் பேர பிளாக் பண்ட்டாங்க. அந்தம்மா கம்ப்ளெயிண்ட் குட்த்துகிறாங்க. தூங்கிகினே ஓட்னேன்னு. உங்க ரிப்போர்ட்ட காட்டுனா பிளாக்க எட்த்துருவாங்களாம்."

"என் ரிப்போர்ட் உங்களுக்கு சாதகமா வராதே தேவராஜ்."

"நீங்க பாத்ததத்தான் எழுதணும் சார். நான் பாத்தத நான் சொன்னேன்," என்று வைத்துவிட்டார்.

ரிப்போர்ட்டை டைப் செய்ய உட்கார்ந்தேன். அந்த பெடல் என்னை விடவில்லை. பொய் சொல்பவர் எப்போதும் நான் நம்பக்கூடிய ஒன்றைத்தான் சொல்வார். மாடு வந்தது, பைக்காரன் கட் அடித்தான், எதிர் வண்டி லைட்டில் கண் கூசியது. இவரோ நான் நம்பவே மாட்டேன் என்று தெரிந்தும் சொன்னார். அதிலும் பிரேக் பிடித்தது என்று சொல்லி நிறுத்தவில்லை, பெடல் கீழே இறங்கியது என்றார். அந்தச் சின்ன விஷயத்தைக் கற்பனையில் இருந்து எடுக்க முடியுமா என்று யோசித்தேன். எனக்கே அப்படி ஒன்று தோன்றியிருக்காது.

காரை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இறக்கியிருந்தார்கள். மதியம் அங்கே போனேன். சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் பவித்ராகிட்ட கேளுங்க சார்," என்று உள்ளே கை காட்டினார்.

பவித்ரா அங்கே டயக்னாஸ்டிக் டெக்னீஷியன். ஆவடியில் இருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவர், முப்பது வயது இருக்கும். ஒரு டேப்லெட்டும் ஒரு கேபிளும்தான் அவருடைய பட்டறை. நான் விஷயத்தைச் சொன்னேன். நான் சிரித்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை.

"பெடல் எறங்குச்சுன்னு சொன்னாரா?"

"ஆமா."

"அப்ப அவர் உண்மையிலயே பாத்துருக்காரு சார். இந்த மாடல்ல வண்டி தானா பிரேக் போட்டா பெடலும் சேந்து எறங்கும். ஓனர்ங்களுக்கே அது தெரியாது."

முன் கண்ணாடியின் உச்சியில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால் இருந்த ஒரு கறுப்பு டப்பாவைக் காட்டினார். அதற்குள் கேமரா இருந்தது. முன்னால் எதையாவது இடிக்கப் போகிறோம் என்று அதற்குத் தோன்றினால் முதலில் சத்தம் போடும், டிரைவர் கேட்காவிட்டால் தானே பிரேக் போடும். இந்த ஏற்பாட்டுக்கு அடாஸ் என்று பெயர். எனக்குப் பெயர் தெரியும். பாலிசி விளம்பரத்தில் படித்திருக்கிறேன். அது பெடலை இறக்கும் என்று தெரியாது.

ஸ்டியரிங்குக்குக் கீழே கேபிளைச் செருகி, டேப்லெட்டில் பக்கம் பக்கமாகத் தள்ளினார். எல்லா வண்டியிலும் இது கிடைக்காது, இதில் கிடைத்தது. கடைசி சில நொடிகளின் பதிவு. ஆக்சிலேட்டர் லேசாக அழுத்தப்பட்டிருக்கிறது. பிரேக் ஸ்விட்சில் டிரைவரின் கால் இல்லை. ஸ்டியரிங்கை ஒரு கை சீராகப் பிடித்திருக்கிறது. தூங்கியவர் கை அப்படி இருக்காது. அதற்கு அடுத்த வரியை அவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

"பிரேக் ரெக்வெஸ்ட் கேமராகிட்டேர்ந்து வந்துருக்கு சார். நேர் எதிர்ல அசையாத ஒரு பொருள் இருக்குன்னு சொல்லுது."

"ரோட்டுல ஒண்ணுமே இல்லைங்கிறாங்களே. அடிபட்ட லோடு ஆட்டோக்காரரும் அதையேதான் சொல்றாராம்."

"ரோட்டுல இல்ல. அங்க பக்கத்துல என்ன இருந்துச்சு?"

யோசித்தேன். மெட்ரோ வேலைக்காக வைத்த தகரத் தடுப்பு, வளைவின் வலது பக்கம் நீளமாக நின்றது.

பவித்ரா கண்ணாடியின் மூலையில் இருந்த முத்திரையைக் குனிந்து பார்த்தார். "இது வண்டியோட வந்த கிளாஸ் இல்ல. மாத்திருக்காங்க. மாத்துனா இந்தக் கேமராவ கழட்டி மாட்டணும். மாட்டுனப்புறம் அது நேரா பாக்குதான்னு அளந்து காலிபரேஷன் பண்ணணும். பண்ணாங்களான்னு கேளுங்க சார்."

"அது பண்ணலேன்னா?"

"நம்ம கழுத்த லேசா ஒரு பக்கம் திருப்பி வச்சிட்டு, நேரா பாக்குறோம்னு நெனச்சிக்கிட்டா எப்படி? அப்படித்தான். இங்க ஒரு டிகிரி திரும்புனா, அறுபது மீட்டருக்கு அந்தாண்ட ஒரு மீட்டர் தள்ளிப் போயிடும்."

நம்பாமல் போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டரும் சொச்சமும் வந்தது. வலது பக்கத் தடுப்பு, கேமராவின் கணக்கில், காரின் முன்னால் வந்து நின்றிருக்கிறது.

எனக்கு அப்போது ஏற்பட்டது சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்து என் வேலையில் ஒரு புதுக் கதவு திறந்தது போல இருந்தது. டயர் தடத்தையும் பெயிண்ட் கீறலையும் படித்துப் பழகியவனுக்கு, காரின் மனதிலேயே என்ன ஓடியது என்று படிக்கக் கிடைத்திருக்கிறது. பவித்ராவிடம் அரை மணி நேரம் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். வெயில் நேராக அடித்தால் கேமராவுக்குக் கண் தெரியுமா? மழையில்? ஆட்டோவின் பின்னால் ஒட்டியிருக்கும் ஆள் உயரப் போஸ்டரை ஆள் என்று நினைக்குமா? சிலவற்றுக்குப் பதில் சொன்னார். போஸ்டருக்கு, "ஒரு நாள் நிறுத்திப் பாக்கணும் சார்," என்றார்.

3. அடித்த வரி

வெளியே வந்து என் வண்டியில் உட்கார்ந்து நிர்மலாவுக்கு போன் செய்தேன். கண்ணாடி எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு அஞ்சு மாசம் இருக்கும் சார். லாரியிலேர்ந்து கல்லு தெறிச்சு கிராக் விட்டுருச்சு. பூந்தமல்லில ஒரு கிளாஸ் கடையில மாத்துனோம். இன்சூரன்ஸ்லதான்."

"காலிபரேஷன்னு ஏதாவது பண்ணாங்களா?"

"தெரியலையே. எஸ்டிமேட் போட்டோ போன்ல கிடக்கும், அனுப்புறேன்."

ஒரு நிமிடத்தில் படம் வந்தது. விரலால் பெரிதாக்கினேன். முன் கண்ணாடி, ரப்பர் பீடிங், பசை, கூலி. ஐந்தாவது வரி, அடாஸ் கேமரா காலிபரேஷன். அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் 'அனுமதி இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே சுருக்கொப்பம்.

என் சிவப்பு மை. என் சுருக்கொப்பம்.

வண்டியின் ஏசியைக்கூடப் போடாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அந்த நாள் மெல்ல நினைவுக்கு வந்தது. போட்டோவை மட்டும் பார்த்து முடித்த சின்ன க்ளெய்ம், வண்டியையும் ஓனரையும் அப்போது நான் நேரில் பார்க்கவில்லை. கடைக்காரர் போன் செய்திருந்தார். "சார், அந்த ஒரு லைன அடிச்சிட்டீங்களே," என்றார். "கண்ணாடி மாத்துறதுக்குக் கேமராவ எதுக்குய்யா தொடுற?" என்று கேட்டேன். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் அடுத்த வண்டிக்குப் போகிற அவசரத்தில் இருந்தேன். பில்லில் நைட்ரஜன் காற்று, ஆன்டி டஸ்ட் ட்ரீட்மென்ட் என்று வாயில் வந்ததையெல்லாம் சேர்ப்பவர்களைப் பார்த்துப் பழகியிருந்தேன். இதுவும் அப்படி ஒன்று என்று முடிவு செய்தேன். எனக்குப் புரியாத ஒரு வரி, ஆகவே தேவையில்லாத வரி.

கடைக்காரர் அதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்திருக்கக் கூடாது. வார்னிங் லைட் எதுவும் எரியவில்லை, அதனால் கொடுத்துவிட்டேன் என்று பின்னால் என்னிடம் சொன்னார். அவர் தப்பு அவருடையது. அதைக் காட்டி என் தப்பைக் குறைத்துக்கொள்ள அன்று ஒரு முழு மாலை முயன்றேன், முடியவில்லை. தோள் எலும்பு முறிந்து ஒரு ஆள் படுத்திருக்கிறார். தேவராஜுக்கு வேலை போயிருக்கிறது. அந்தப் பெரியவர் கழுத்தில் பட்டை போட்டிருக்கிறார்.

யாருக்கும் தெரியாது என்பதும் உண்மை. கண்ணாடி மாற்றியது பவித்ராவுக்குத் தெரியும், வரியை அடித்தது யார் என்று தெரியாது. நிர்மலா அந்தச் சுருக்கொப்பத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லை. 'சடன் பிரேக்கிங்' என்று டைப் செய்த ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. அனுப்பினால் முடிந்தது.

அதை அழித்தேன் என்று இங்கே ஒரு வரியில் எழுதிவிட்டேன். அழிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

புதிய ரிப்போர்ட்டில் காரணம் பகுதி ஒன்றரைப் பக்கம் வந்தது. பவித்ரா எடுத்துக் கொடுத்த பதிவு, தடுப்பின் தூரத்தை நானே போய் டேப் வைத்து அளந்த கணக்கு, பழைய எஸ்டிமேட்டின் நகல். கடைசியில், காலிபரேஷன் கட்டணத்தை மறுத்த சர்வேயர் நான்தான், அதன் விளைவு தெரியாமல் மறுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கம்பெனி அதிகாரி போன் செய்தார். மரியாதையான மனிதர்.

"இவ்ளோ எதுக்கு சார் எழுதிருக்கீங்க? காரணம் சடன் பிரேக்கிங். அதோட விட்டுருங்களேன்."

"சடன் பிரேக்கிங்தான் சார். யாரு போட்டதுங்கிறதத்தான் எழுதியிருக்கேன்."

"உங்க பேரையே நீங்க எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

அந்தக் கம்பெனி மூன்று மாதம் எனக்கு வேலை அனுப்பவில்லை. பிறகு அனுப்பியது. நிறுத்தியதற்கும் காரணம் சொல்லவில்லை, தொடங்கியதற்கும் சொல்லவில்லை.

4. தேவராஜ் கேட்டது

ரிப்போர்ட்டின் நகலை எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பத்துக்குப் போனேன். தேவராஜ் வீட்டு வாசலில் யாருடைய பைக்குக்கோ செயின் டைட் செய்துகொண்டிருந்தார். வேலை இல்லாத நாட்களில் அக்கம்பக்கத்து வண்டிகளைப் பார்த்துக் கொடுக்கிறார் போலிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே கேட்டார். நான் எதையும் விடாமல் சொன்னேன். சிவப்பு மையையும் சொன்னேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது வேறு.

"அப்போ வண்டிக்குக் கண்ணு மாத்தி வச்சாங்க, பவர் செக் பண்ல. அப்டித்தான சார்?"

"அப்படித்தான்."

"அத்த மொதல்லயே யார்னா என்கிட்ட சொல்லிருந்தா நான் அந்தக் கண்ண நம்பாம ஓட்டிருப்பேன். வண்டில இன்னா கீதுன்னு ஓட்றவனுக்குச் சொல்றதில்ல."

பிறகுதான் கோபம் வந்தது. "பத்து நாளு சார். சும்மா குந்திகினு கீறேன். தூங்குமூஞ்சின்னு பேரு வேற." மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நிர்மலாவிடமும் நேரில் போய்ச் சொன்னேன். கதவருகிலேயே நின்று கேட்டார். "நான் அவர்கிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னார். ஆப்பில் கொடுத்த புகாரை என் எதிரிலேயே திரும்ப எடுத்தார். போலீஸ் ஸ்டேஷனில் பாஸ்கர் தரப்பும் நிர்மலா தரப்பும் மாறி மாறிப் பழி போட்டுக்கொண்டிருந்தது அதோடு நின்றது. பாஸ்கரின் இழப்பீடு இன்னும் முடிந்தபாடில்லை. தோள் கூடிவிட்டது, கனமான கேனைத் தூக்கினால் வலிக்கிறது என்கிறார். இதை எழுதும்போதும் அது எனக்கு உறுத்துகிறது.

கார் ரெடியானதும், காலிபரேஷன் செய்வதைப் பார்க்க வேண்டும் என்று பவித்ராவிடம் கேட்டிருந்தேன். சொன்ன நாளில் போனால் அங்கே தேவராஜும் நின்றுகொண்டிருந்தார். நிர்மலா அவரைத்தான் வண்டியை எடுத்துவர அனுப்பியிருந்தார்.

எங்கள் இருவருக்கும் அது புதுக் காட்சி. சமதளமான தரையில் காரை நிறுத்தினார்கள். நான்கு டயரிலும் காற்றைச் சரி பார்த்தார்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து நூல் பிடித்து அளந்து, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒரு பலகையைக் காருக்கு எதிரே நிறுத்தினார்கள். பவித்ரா டேப்லெட்டில் ஒரு பொத்தானைத் தொட்டார். கார் பலகையைப் பார்த்தது. ஒன்றும் அசையவில்லை, சத்தமும் இல்லை. எங்கள் மூன்று பேர் கண்ணும் அந்தக் கறுப்பு டப்பாவின் மேலேயே இருந்தது. பிறகு திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது. நான் சிவப்பு மையால் அடித்த வேலை மொத்தமும் இவ்வளவுதான். முக்கால் மணி நேரம்.

தேவராஜ் பலகைக்கும் காருக்கும் நடுவில் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் சார், இனிமே வர்ற வண்டியெல்லாம் ஸ்டியரிங்கும் தானா புட்ச்சி ஓட்டும்ன்றாங்களே. அப்போ இட்ச்சா, நீங்க யார்கிட்ட சார் போய்க் கேப்பீங்க? நான் இருந்தேன், என்னாண்ட கேட்டீங்க. பெடலு எறங்குச்சுன்னு சொன்னேன். நாளைக்கு சீட்ல ஆளே இல்லன்னா?"

வண்டியைக் கேட்பேன் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கே ஒரு கேள்வி வந்துவிட்டது. பவித்ராவைப் பார்த்துக் கேட்டேன்.

"இப்பல்லாம் காருக்கும் போன் மாதிரி அப்டேட் வருதுல்ல. திங்கக்கிழமை இடிச்ச வண்டிக்குப் புதன்கிழமை புது சாஃப்ட்வேர் ஏறிடுச்சுன்னா, வியாழக்கிழமை நான் போய்ப் பாக்குற வண்டி, இடிச்ச வண்டிதானா?"

பவித்ரா கேபிளைச் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார். "பழைய வெர்ஷன் எதுன்னு பதிவு இருக்கும். ஆனா அது எப்படி யோசிச்சதுன்னு திரும்ப ஓட்டிப் பாக்க நமக்கு விடுவாங்களான்னு தெரியல சார். நான் கேட்டுச் சொல்றேன்."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். பில்லைத் திருத்துவது நம் வேலையின் ஒரு பகுதி. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் புரியாத ஒரு வரி வந்தால், பேனாவை மூடிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு உள்ளே போங்கள். அந்த வேலையைச் செய்பவரைத் தேடிப் பிடித்து, இது எதற்கு, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நம்ப முடியாத ஒன்றை டிரைவர் சொன்னால் சிரிக்காதீர்கள், இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள். இனி வரப்போகும் வண்டிகளைப் பற்றி நம்மில் யாருக்கும் அனுபவம் கிடையாது. இருபத்தேழு வருடம் பார்த்தவனும் நேற்று லைசென்ஸ் வாங்கியவனும் அதில் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். எனக்கு அது பயமாக இல்லை, இந்த வயதில் மறுபடி மாணவனாக ஒரு வாய்ப்பு என்றுதான் தோன்றுகிறது.

அன்று காரை வெளியே எடுக்கும்போது தேவராஜ் கண்ணாடியை இறக்கி, "வர்றீங்களா சார்? ரோட்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும்னு பவித்ரா மேடம் சொல்றாங்க," என்றார். பவித்ரா பின்னால் டேப்லெட்டோடு ஏறினார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டேன். பூந்தமல்லி வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் தேவராஜ் ரோட்டைப் பார்த்தார், நான் அவர் காலடியில் இருந்த பெடலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.